கை எங்கே நிற்க வேண்டும்

என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய மின்கட்டண அட்டைகளுக்கும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கும் நடுவே ஒரு சான்றிதழ் கிடக்கிறது. வழவழப்பான தாள், பொன்னிற விளிம்பு, கீழே இரண்டு கையெழுத்துகள், மூலையில் ஒரு முத்திரை. தட்டுதல் முறைச் சிகிச்சையாளராக இன்னார் தகுதி பெற்றார் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு, கோடிட்ட இடத்தில் என் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தகுதியைப் பெற எனக்கு ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயின. கட்டணம் 4,500 ரூபாய். இரண்டு நாள் மதியச் சாப்பாடும் தேநீரும் அதில் அடக்கம். நடந்தது 2014இல், சேலத்தில் ஒரு விடுதியின் கூட்ட அறையில்.

அந்தச் சான்றிதழை நான் கிழித்துப்போடவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டவும் இல்லை. ஏன் இரண்டையும் செய்யவில்லை என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையை விட்டு உள்ளொதுங்கிய ஓர் ஊரில் தமிழாசிரியனாக இருக்கிறேன். சிகிச்சை, உளவியல் எதிலும் எனக்கு முன்பழக்கம் கிடையாது. அப்பா இறந்த ஆண்டில் எனக்குத் தூக்கம் கெட்டது. இரவு இரண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும். மருத்துவர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்றார். பள்ளியில் உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் விரல்நுனிகளால் முகத்திலும் மார்பிலும் தட்டிக்கொள்ளும் ஒரு முறையைக் காட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது. மனைவி விழித்துவிடக்கூடாதே என்று திண்ணைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டேன். ஒரு வாரத்தில் படபடப்பு தணிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த முறையைக் கேலி செய்ய வந்தவனல்ல நான். எனக்கு அது உதவியது. உதவியதனால்தான் பின்னால் நடந்ததும் நடந்தது.

*

முறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எது வருத்துகிறதோ அதை மனத்தில் நிறுத்தி, அந்த வருத்தத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுக்க வேண்டும். பிறகு உள்ளங்கையின் பக்கவாட்டு விளிம்பைத் தட்டியபடி, இன்ன துன்பம் இருந்தாலும் நான் என்னை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருள்பட மூன்று முறை சொல்ல வேண்டும். பின்னர் புருவத் தொடக்கம், கண்ணோரம், கண்ணின் கீழ், மூக்கின் கீழ், மோவாய், காறை எலும்பின் அடி, அக்குளுக்குச் சற்றுக் கீழ், உச்சந்தலை என்று வரிசையாகத் தட்டிக்கொண்டு வர வேண்டும். முடிந்ததும் மறுபடி எண். எட்டு ஐந்தாகும், ஐந்து இரண்டாகும். ஆகாவிட்டால் இன்னொரு சுற்று.

இதன் வரலாறு சுவையானது. ராஜர் காலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980 வாக்கில், தண்ணீரைக் கண்டு அஞ்சிய ஒரு பெண்ணின் கண்ணுக்குக் கீழே தட்டச் செய்ததிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். சீன அக்குபங்சரின் நாடிப் பாதைகளை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு தட்டு வரிசையை அவர் வகுத்தார். அவருடைய பயிற்சியின் உச்சப் படிக்குக் கட்டணம் ஒரு லட்சம் டாலர். அவரிடம் கற்ற கேரி கிரெய்க், ஸ்டான்ஃபோர்டில் படித்த பொறியாளர். எல்லாத் துன்பத்துக்கும் ஒரே வரிசை போதும் என்று 1990களின் நடுவில் அவர் முறையைச் சுருக்கி, ஈ.எஃப்.டி. என்று பெயரிட்டார். கையேட்டை இணையத்தில் இலவசமாகவும் வைத்தார். ஒரு லட்சம் டாலரிலிருந்து இலவசத்துக்கு! பூட்டு உடைந்த அந்தக் கணத்தில்தான் இது உலகெங்கும் பரவியது. எங்கள் ஊர்த் திண்ணைவரை வந்து சேர்ந்தது.

பூட்டு உடைந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உடைந்த பூட்டோடு சேர்ந்து இன்னொன்றும் போயிற்று. யார் யாருக்குத் தட்டலாம், எதுவரை தட்டலாம் என்று சொல்வதற்கு ஆளில்லாமல் போயிற்று.

*

சேலத்து வகுப்பில் ஏறக்குறைய அறுபது பேர் இருந்தோம். யோகா ஆசிரியர்கள், அழகு நிலையம் நடத்துபவர்கள், காப்பீட்டு முகவர்கள், என்னைப்போல் ஆசிரியர்கள் சிலர். முதல் நாள் புள்ளிகள். இரண்டாம் நாள், பிறருக்குச் செய்வது எப்படி என்பது. பக்கத்து நாற்காலிக்காரர் எனக்குத் தட்டச் சொல்லித்தர, அவருக்கு நான் சொல்லித்தந்தேன். அவருடைய பிரச்சினை கரப்பான்பூச்சிப் பயம். என்னுடையது மேடைக் கூச்சம். இரண்டும் பிற்பகல் தேநீருக்குள் தீர்ந்தன. மாலையில் கைதட்டலுக்கு நடுவே சான்றிதழ் தந்தார்கள். மறுநாள் காலை நான் சிகிச்சையாளன்.

ஊரில் செய்தி பரவ நாளாகவில்லை. தேர்வுப் பயத்தோடு மாணவர்கள் வந்தார்கள். தலைவலியோடு சிலர் வந்தார்கள். காசு வாங்கவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. காசு வாங்காதவனிடம் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்ற நினைப்பும் அந்தப் பெருமிதத்துக்குள் ஒளிந்திருந்தது என்பதைப் பின்னால்தான் கண்டுகொண்டேன்.

தெருக்கோடியில் ஓர் அக்கா இருந்தார். (அவருடைய இசைவோடுதான் எழுதுகிறேன், அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) எங்கள் மாவட்டத்து ஊர்கள் பலவற்றைப்போல அந்தத் தெருவிலும் இளைஞர்கள் பெங்களூரில்தான் இருப்பார்கள். ஞாயிறு இரவுப் பேருந்துகளில் நின்றுகொண்டே போவார்கள்; பண்டிகைக்கு வருவார்கள். அக்காவின் மூத்த மகன் அங்கே சென்ட்ரிங் வேலை பார்த்தவன். நான்காவது மாடியிலிருந்து விழுந்து இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அக்கா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். தக்காளி பறிக்கப் போவார், புளி தட்டப் போவார். தூக்கம் மட்டும் இல்லை.

"ராவெல்லாம் முழிச்சிக்கிட்டே கெடக்கறன் சாரு. நீங்க ஏதோ தட்டி உடறீங்களாமே, எனக்கும் செய்யுங்க" என்றார்.

திண்ணையில் உட்காரவைத்தேன். முதல் இடறல் அந்த ஏற்பு வாக்கியத்திலேயே வந்தது. 'என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லச் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அப்படின்னா என்னா சாரு?" ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போகும் அந்த வாக்கியம் தமிழில், அதுவும் ராகிக் களி கிண்டிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வாயில், கல்லாக நின்றது. நான் தமிழாசிரியன். எனக்கும் அதற்கு ஒரு தமிழ் கிடைக்கவில்லை. "சும்மா சொல்லுங்கக்கா" என்றேன். இன்று நினைத்தால், அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

வகுப்பில் சொல்லித்தந்தபடி அவரை அந்தக் கணத்துக்கு அழைத்துப் போனேன். செய்தி எப்போது வந்தது? எங்கே இருந்தீர்கள்? என்ன கேட்டது? என்ன தெரிந்தது? அவர் சொன்னார். அடுப்பில் களி. போன் அடித்தது. மகன் எண்தான். பேசியது மகனல்ல. அதைச் சொல்லும்போதே எண் என்ன என்று கேட்டேன். பத்து என்றார். தட்டினோம். பத்து. மறுபடி தட்டினோம். அவர் எண் சொல்லவில்லை. கண் ஓரிடத்தில் குத்திட்டு நின்றது. கை சில்லிட்டிருந்தது. 'இறங்கும்வரை விடாமல் தட்டுங்கள்' என்று வகுப்பில் சொன்னது மட்டும் எனக்கு நினைவிருந்தது. இன்னும் இரண்டு சுற்றுத் தட்டவைத்தேன். அந்த இரண்டு சுற்றுகளை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

எழுந்து ஒன்றும் சொல்லாமல் போனார். நான்காம் நாள் அவருடைய மகள் வந்தாள். என்னிடம் படித்த பெண்.

"சார், அம்மாவ என்ன பண்ணீங்க? மூணு நாளா சாப்பிடல. அடுப்படிப் பக்கமே போவ மாட்டேங்குது. போன் அடிச்சா நடுங்குது."

அன்றிரவு பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அது நல்ல அறிகுறி. உள்ளே கிடந்தது வெளியே வருகிறது. இதையெல்லாம் அடுத்த நிலை வகுப்பில் சொல்லித்தருவோம், அடுத்த மாதம் சேர்ந்துவிடுங்கள்" என்றார். கட்டணத்தையும் சொன்னார்.

*

அடுத்த நிலைக்கு நான் போகவில்லை. அதற்குப் பதிலாகப் படிக்கத் தொடங்கினேன். பள்ளிக் கணினியில், இரவுகளில், அகராதி வைத்துக்கொண்டு.

முதலில் என்னை உலுக்கியது 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வெயிட், ஹோல்டர் என்ற இருவர் பல்கலைக்கழக மாணவர்களின் அச்சத்தை வைத்துச் செய்தது. ஒரு பிரிவினர் உரிய புள்ளிகளில் தட்டினார்கள். இன்னொரு பிரிவினர் புள்ளியே இல்லாத இடங்களில் தட்டினார்கள். மூன்றாம் பிரிவினர் தங்களைத் தொடாமல் ஒரு பொம்மையைத் தட்டினார்கள். மூன்று பிரிவிலும் அச்சம் குறைந்தது. தட்டாமல் வேறு வேலை செய்த நான்காம் பிரிவில் குறையவில்லை. இதற்குப் பிறகு தட்டுதலுக்கு ஆதரவான ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. பதற்றமும் அதிர்ச்சிக்குப் பின்னான துயரும் குறைவதாக அவை சொல்கின்றன. புள்ளிகளுக்குத் தனிச் சக்தி உண்டா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் 1999இல், காலஹன் முறையைக் கற்பிக்கும் வகுப்புகளைத் தன் தொடர்கல்விக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. 2012இல் இவ்வகை முறைகளைக் கற்பிக்கும் ஓர் அமைப்புக்கு அந்த அனுமதியைத் தந்தது.

வழக்கு எப்படி முடிந்தாலும், அந்தப் பொம்மை எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. தட்டும் இடம் அவ்வளவு முக்கியமில்லை என்றால், வேலை செய்வது வேறெதுவோ. பாதுகாப்பான ஓரிடத்தில், கைக்கு ஒரு வேலை கொடுத்துக்கொண்டு, அஞ்சியதைச் சிறிது சிறிதாக நினைத்துப் பார்ப்பதே அந்த மருந்தாக இருக்கக்கூடும். அச்சத்தை நேர்கொள்ளவைத்துத் தணிப்பது உளவியலில் பழைய வழிதான். பூஜ்யம் முதல் அளக்கும் அந்த எண்முறையே ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவரிடமிருந்து வந்தது. நினைவுதான் மருந்து என்றால், எவ்வளவு நினைவு என்பதே மருந்தின் அளவு. சேலத்தில் எனக்கு இரண்டு நாளும் விரல் வைக்கும் இடத்தைச் சொல்லித்தந்தார்கள். அளவைச் சொல்லித்தரவில்லை. கரப்பான்பூச்சிக்கும் மகனின் சாவுக்கும் ஒரே கரண்டியால் மருந்தூற்றினேன்.

அளவைப் பற்றி இந்த முறையை வகுத்தவர்களுக்குத் தெரியாமலில்லை என்பதே இன்னும் வேதனையானது. கிரெய்க் தம் இலவசக் கையேட்டிலேயே, தனக்குரியதல்லாத இடத்துக்குள் எவரும் நுழையக்கூடாது என்று எச்சரித்திருந்தார். கடும் அதிர்ச்சிக்கு ஆளானவரிடம் நிகழ்ச்சியை விவரிக்கச் சொல்லாமல், தொலைவிலிருந்து அதை நினைத்தால் எண் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கமட்டும் சொல்லித் தொடங்கும் மென்முறைகளும் அவரிடமே இருந்தன. பிரிட்டனில் 1999இல் தொடங்கி இன்று ஈ.எஃப்.டி. இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் சங்கம் படிப்படியான நிலைகளை வைத்திருக்கிறது. செய்து பார்த்த நேர்வுகளை எழுதித் தர வேண்டும். மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பழக வேண்டும். சான்று பெற்ற பின்னும் ஆண்டுதோறும் தொடர்கல்வி உண்டு. நெறிமுறை இருக்கத்தான் செய்தது. வார இறுதி வகுப்புக்குள் வரும்போது அது சுமையென்று வழியில் இறக்கிவைக்கப்பட்டிருந்தது.

*

இந்தக் காலத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் என் சிறுவயதில் எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டி. பயந்த பிள்ளைகளுக்கு மந்திரிப்பார். வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை வருடி, விபூதி போட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே ஏதோ முணுமுணுப்பார். வெற்றிலைபாக்கைத் தவிர எதையும் வாங்கமாட்டார். அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பார். சுடுகிறதென்றால் எத்தனை நாளாக என்று கேட்பார். மூன்று நாள் என்றால் வேப்பிலையைக் கீழே வைத்துவிடுவார். "இது என் வேலையில்ல. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்பார். எவ்வளவு கெஞ்சினாலும் விபூதிகூடப் போடமாட்டார். போட்டால் அந்த நம்பிக்கையில் தாய் இன்னொரு நாள் வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். அந்த விதியை மாமியாரிடமிருந்து மந்திரத்தோடு சேர்த்தே பெற்றதாகச் சொல்வார்.

பழையவற்றைப் போற்றிப் பாட இதைச் சொல்லவில்லை. அதே ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர் ஒருவரும் இருந்தார். அவர் யாரையும் எங்கும் அனுப்பியதில்லை. அவர் வீட்டு வாசலில் போன உயிர்களும் உண்டு. மரபு என்பதனாலேயே நெறி வந்துவிடாது. நவீனம் என்பதனாலும் வராது. தொடங்கக் கற்றுக்கொள்ளும்போதே நிறுத்தவும் கற்றுக்கொண்டாரா என்பதே வேறுபாடு. உடலில் குறித்த இடங்களைத் தட்டும் கலை நமக்குப் புதிதுமல்ல. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் 108 வர்ம இடங்களைச் சொல்வார்கள். அங்கே வர்மத்தைக் கற்பவன் இளக்குமுறையையும் கற்க வேண்டும். அடியால் கட்டியதை அவிழ்க்கத் தெரியாதவன் அடிக்கத் தகுதியற்றவன். மாணவனின் குணத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகே ஆசான் கைதிறந்து சொல்வார் என்பார்கள். எனக்குத் தந்த கல்வியில் இளக்குமுறை இல்லை.

*

அப்படியானால் பட்டம் பெற்றவர்களைத் தவிர யாரும் பிறர் துயரத்தைத் தொடக்கூடாதா? இந்தக் கேள்வியில் நான் நெடுநாள் நின்றேன். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று பணியாற்ற 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர் சிலரையும் தன் பட்டியலில் சேர்த்தது. தட்டுதல் சிகிச்சையாளர் என்றொரு பிரிவு எதிலும் இல்லை. ஆகவே என் சான்றிதழ் சட்டத்துக்கு விரோதமானதல்ல. சட்டம் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. மறுபுறம், பதிவு பெற்றவர்களுக்காகக் காத்திருந்தால் எங்கள் தெரு எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்?

இதற்கு விடை எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. அரூர் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே ஒரு குடிசையில் பழங்குடி நல முயற்சியைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறக்கும் குழந்தைகளில் ஏழில் ஒன்று ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தது. வெளியூர்ச் செவிலியர்களை எதிர்பார்த்துக்கொண்டிராமல், பள்ளத்தாக்கின் மலையாளிப் பழங்குடிப் பெண்களையே அவர்கள் பயிற்றுவித்தார்கள். ஊர்தோறும் சுகாதாரத் துணையாளர்களாக முதிய பெண்களையும் பழக்கினார்கள். பெரிய படிப்பு இல்லாதவர்கள் பிரசவம் பார்த்தார்கள், அறுவை அறையில் உதவினார்கள். சிசு மரணம் பல மடங்கு குறைந்தது. படிப்பில்லாதவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தது மட்டும் அங்கே நடந்த காரியமல்ல. எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. கூப்பிட்டால் வர மருத்துவர் அங்கேயே இருந்தார்.

மனத்துயரத்திலும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்குக் கோவா சான்று. சங்காத் என்ற அமைப்பு, உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு கொண்டவர்களுக்கு ஆலோசனை தரவைத்தது. 495 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட, ஆலோசனையும் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். என்னைக் கவர்ந்தது முடிவைவிட அதன் வழிமுறை. ஆலோசகர்கள் தங்கள் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, குழுவாகக் கூடி அமர்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். நான் அக்காவுக்குத் தட்டவைத்ததை ஒருவர் ஒலிப்பதிவில் கேட்டிருந்தால்? 'எண் சொல்லாமல் போனாரே, அப்போது ஏன் நிறுத்தவில்லை?' என்று அந்த ஒருவர் கேட்டிருப்பார். எனக்கு அந்த ஒருவர் இல்லை.

நெறிமுறை என்றால் நான் விரும்புவது பெரிய சட்டப் புத்தகமல்ல. தனக்குத்தானே தட்டிக்கொள்பவருக்கு எந்தச் சான்றும் வேண்டாம். அது மூச்சுப் பயிற்சி போல அவரவர் உடைமை. பிறருக்குச் செய்பவருக்குச் சில கட்டாயங்கள் வேண்டும். நெஞ்சுவலி, வலிப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம், உண்ணாமை, உறங்காமை இவற்றில் எதைக் கண்டால் கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒருவர் உறைந்துபோனால் அவரைத் திண்ணைக்கும் தரைக்கும் இன்றைய நாளுக்கும் திரும்ப அழைத்து வரத் தெரிந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறையேனும் செய்ததைச் சொல்லி, செய்த தவற்றையும் சொல்லிக் கேட்டுக்கொள்ள மூத்தவர் ஒருவர் வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாத வாய் வேண்டும். எண் இறங்காமல் போவதை எதிராளியின் நம்பிக்கைக் குறைவென்று சொல்லாத நேர்மையும் வேண்டும். இரண்டு நாளில் இவை வருமா என்று கேட்டால், வராது என்றுதான் சொல்ல வேண்டும்.

*

மகள் வந்து கேட்ட அடுத்த வாரம் அக்காவையும் அவளையும் அழைத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போனேன். மாவட்ட மனநலத் திட்டம் என்ற ஒன்று இருப்பதும், மனநலப் பிரிவில் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். 50 கிலோமீட்டருக்குள் இருந்த ஒன்றை அறியாமல் அமெரிக்காவின் தட்டு வரிசையை மனப்பாடம் செய்திருந்தேன். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, உள்ளே போனோம். மருத்துவர் அந்த இரவைப்பற்றிக் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள், பகலில் படுக்கிறீர்களா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அக்கா மகளைக் காட்டினார். மாத்திரை எழுதினார், இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். போன் ஒலியை மாற்றிவைக்கும்படி மகளிடம் சொன்னார். அவ்வளவுதான். அந்தச் சிறிய யோசனை எனக்குத் தோன்றியிருக்கவேயில்லை.

தேறுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முழுக்கத் தேறினார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மறுபடி அடுப்படிக்குப் போனார், தூங்கினார். பேரன் பிறந்தபோது எங்கள் வீட்டுக்கு இனிப்பு கொண்டுவந்தார். அன்றுதான் துணிந்து கேட்டேன், நான் செய்தது அவ்வளவு தப்பாகிவிட்டதா என்று.

சற்று யோசித்தார். என்னைப் புண்படுத்தக்கூடாதே என்ற யோசனை என்று தெரிந்தது.

"கையத் தட்டறதுல ஒண்ணும் தப்பில்ல சாரு. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுலகூட நான் கையத் தட்டிக்கிட்டுத்தான் போனன். நீங்க என்னிய அங்கக் கூட்டிட்டுப் போயி உட்டுட்டீங்க. திரும்பக் கூட்டியாரத் தெரியல உங்களுக்கு. அவ்வளோதான்."

நான் படித்த எந்த ஆய்வும் எந்த நெறிமுறைத் தொகுப்பும் இதைவிடத் தெளிவாக என்னிடம் பேசியதில்லை.

இப்போதும் தேர்வுப் பயத்தோடு வரும் பிள்ளைக்குக் கையின் விளிம்பைத் தட்டிக்கொள்ளக் காட்டித்தருகிறேன். மூச்சை இழுத்து விடச் சொல்கிறேன். ஏற்பு வாக்கியத்தைச் சொல்லச் சொல்வதில்லை. பிள்ளை வேறெதையோ சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொள்கிறேன், தோண்டுவதில்லை. அன்றே யாரிடம் அழைத்துப் போவது என்று பார்க்கிறேன். அதற்குத்தான் அந்தச் சான்றிதழ் இழுப்பறையில் இருக்கிறது. முன்பக்கத்தில் என் பெயர். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று, மனநலப் பிரிவின் நாள்களையும் நேரத்தையும் அதில் எழுதினேன். 2022 அக்டோபரில் டெலிமானஸ் தொடங்கிய பிறகு அதற்குக் கீழே 14416 என்ற கட்டணமில்லா எண்ணைச் சேர்த்தேன். இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.